மீன் தராசில்

நாலே முக்காலுக்கு
முட்டம் துறைமுகத்து ஏலக்கூடத்தில்
நெய்மீன் கிடந்த ஈரத்தட்டில் ஏறி நிற்கிறேன்.
ஐம்பத்தெட்டு புள்ளி இரண்டு.
கிளீட்டஸ் சிட்டையில் எழுதுகிறான்,
சாளைக்கும் கணவாய்க்கும் நடுவே.

பிறகு கடல். பாறை சுற்றி மடக்கம்.
பிறகு சைக்கிள். பிறகு கால்.
திரும்பி வந்து அதே தட்டில்
ஐம்பத்தாறு புள்ளி ஏழு.
குடித்தது அரை லிட்டர்.
ஆக, இரண்டு கிலோ நான்
மணவாளக்குறிச்சி ரோட்டில்
எங்கோ சிந்திக் கிடக்கிறேன்.

இந்தக் கணக்கு வேறொரு கணவாயில் கற்றது.
போன ஆடி, ஆரல்வாய்மொழி.
அம்மியே பறக்கும் காற்று;
நான் பறக்கவில்லை, நின்றுவிட்டேன்.
எதிரே காற்றாலை ஒன்றா மூன்றா தெரியவில்லை.
பெயர் கேட்டவரிடம்
ஊரைச் சொன்னேன்.

வெறும்வயிற்றில் மிதித்தால்
கொழுப்பு கரையும் என்று நம்பி வந்தவள்.
கொழுப்பு இருந்தது, வேண்டிய மட்டும்.
நனைந்த கொதும்பு அது.
அடியில் கொஞ்சம் சர்க்கரை எரியாமல்
பற்றிக்கொள்ளாது.
கல்லீரலோ
இரவெல்லாம் மூளைக்கு ஊட்டிவிட்டு
காலி டப்பாவாக விடிந்திருந்தது.
ஆசாரிப்பள்ளத்தில்
நாளைக்கு நாற்பது நரம்பில்
டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றுகிற கை இது.

அப்புறம் ஜெல் வாங்கினேன்,
ஒரு பொட்டலம் நூற்றைம்பது ரூபாய்.
தோட்டியோடு வளைவில் அத்தனையும் வெளியே.
காலைப் பழக்கின மாதிரி
குடலையும் பழக்க வேண்டுமாம்.

பழக்கினேன்.
முந்தின இரவு மரச்சீனியும் சாளைக்கறியும்.
விடியலில் மூன்று மட்டிப்பழம்.
பாட்டிலில் கருப்பட்டித் தண்ணீர்,
அதில் புத்தளம் உப்பு, அரைக் கரண்டிக்கும் குறைவு.
மணிக்கு முப்பது கிராம் மாவுச்சத்தில் தொடங்கி
நாற்பது,
வயிறு கடமுடவென்று சண்டை போட
நாற்பதிலேயே மூன்று வாரம்,
பிறகு ஏப்பத்தோடு அறுபது.

இன்று மறுபடியும் தட்டில்.
ஐம்பத்தேழு புள்ளி ஆறு.
"அறுநூறு கிராம்தானா?" என்கிறான் கிளீட்டஸ்,
ஏதோ நான் ஏமாற்றிவிட்ட மாதிரி.
தொடை இன்னும் துடிக்கிறது,
ஆனால் பெயர் கேட்டால் பெயர் சொல்வேன்.

கூடையோடு காத்து நின்ற ஃபிலோமி
என் கழுத்தில் காய்ந்த வெள்ளைக் கோட்டை
விரலால் தேய்த்து நாக்கில் வைத்தாள்.
"கருவாடு.
கருவாட்டுக்கு இங்க ஏலம் கிடையாது.
இறங்குடி, மீன் வைக்கணும்."