ஓடுபாதை மலையேறும் நேரம்

கமலாபுரத்தில் கடல் இல்லை.
இருந்தும் கடலிலிருந்து எத்தனை அடி என்றுதான்
முதலில் கேட்கிறது விமானம்.
அன்றைய அழுத்தத்தைத் திருகி வைத்தால்
நின்ற இடத்திலேயே ஆல்டிமீட்டர்
ஆயிரத்துச் சொச்சம் காட்டும்.
விரற்கடைகூட எழும்பவில்லை, அதற்குள் ஆயிரம் அடி.
முதல் நாள் சிரித்துவிட்டேன்.

அது பொய் சொல்லவில்லை.
அதற்கு உயரமே தெரியாது.
தன்மேல் எவ்வளவு காற்று உட்கார்ந்திருக்கிறது
என்பது மட்டும் தெரியும்.
மீதியை நாம் நம்புகிறோம்.

காற்றுக்கு எடை உண்டென்று
பாடப் புத்தகத்துக்கு முன்பே அறிவேன்.
சிவதாபுரத்தில் எங்கள் பட்டறையில்
கொலுசு நிறுக்கும்போது மின்விசிறியை நிறுத்துவோம்.
இல்லையென்றால் தட்டில் விரல் படாமலே
கால் கிராம் வெள்ளி காணாமல் போகும்.
சில சமயம் சேரும்.
சேர்ந்ததைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இன்று மே பதினாறு, மதியம் இரண்டரை.
பலகையில் என் பெயர்:
பூவிழி, தனிப் பயணம், மலைக்கு மேலாக அரூர், திரும்ப.
வெப்பம் நாற்பது. அழுத்தம் ஆயிரத்து ஐந்து.
காற்றுப்பை
செத்த கோழியின் கழுத்துபோல் தொங்குகிறது.

பென்சிலால் போட்டேன்.
அழுத்தக் குறைவுக்கு இருநூற்று நாற்பது அடி சேர்.
இந்த உயரத்தில் பன்னிரண்டரை டிகிரிதான் இருக்க வேண்டுமாம்.
சேலத்தில்! அக்னி நட்சத்திரத்தில்!
யார் வகுத்த கணக்கோ.
மிஞ்சிய ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றிருபது அடி.
கூட்டினால் நாலாயிரத்து ஐந்நூறு.

அதாவது
ஓடுபாதை எழுந்து மலையேறிவிட்டது.
ஒரு கொண்டை ஊசி வளைவிலும் ஹாரன் அடிக்காமல்
ஏற்காட்டுக்குச் சற்றுக் கீழே போய்ப் படுத்திருக்கிறது.
குளிரை மட்டும் எடுத்துவரவில்லை.
சக்கரங்கள் கமலாபுரத்தில்,
இறக்கைகள் மலையில்.

எஞ்சினுக்கு மூச்சு வாங்கும்.
புரொப்பெல்லருக்குக் கடிக்க ஒன்றும் அகப்படாது.
வேகமானி வழக்கமான எண்ணையே காட்டும்,
தரை மட்டும் அவசரமாக ஓடும்.
பாதை நீளம், எழும்பிவிடலாம்.
அப்புறம்தான் இருக்கிறது:
ஏறுகிறேன் ஏறுகிறேன் என்று நான் போக
எதிரே மலையும் ஏறிக்கொண்டே வரும்.

"போன வாரம் இதே நேரம் நான் போனேனே?" என்றான் நவ்ஷாத்.
போனான்.
அரை டேங்க்கில், ஈரோடு பக்கம், சமவெளி மேல்.
அதை நான் சொல்லவில்லை.
இந்த ஒரு மணி நேரத்துக்கு
எத்தனை ஜோடி கொலுசு உருகியது என்பதையும்.
அதற்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை.
பெயரை அழித்தேன்.

செஸ்னாவை வளையத்தில் கயிறு போட்டுக் கட்டினோம்.
இறக்கையைத் தொட முடியவில்லை, அப்படிச் சூடு.

மறுநாள் காலை ஆறு.
இருபத்தாறு டிகிரி. மறுபடி பென்சில்.
இரண்டாயிரத்து எழுநூறு.

இரவெல்லாம் இறங்கியும்
ஓடுபாதை முழுதாய் வந்து சேரவில்லை.
எங்கோ பாதி வளைவில் நிற்கிறது.
பரவாயில்லை,
அது வரை நான் போய்க்கொள்கிறேன்.