அறைச் சத்தம்

பொதட்டூர்பேட்டையில் பேய்ப்படம் எடுக்கிறவன்
முதலில் தறியிடம் அனுமதி கேட்க வேண்டும்.
நாங்கள் கேட்கவில்லை.
முதல் ராத்திரி
கிணற்றிலிருந்து அவள் எழுந்து வருகிறாள்,
ஊர் முழுக்கத் தடக்கு தடக்கென்று
லுங்கி நெய்துகொண்டிருக்கிறது.
ஹெட்போனைக் கழற்றிப் புருஷோத்தமனிடம் கொடுத்தேன்.
கேட்டுவிட்டுச் சொன்னான்:
"பேயும் ஷிப்டுக்குப் போவுதுன்னு வெச்சுக்கலாமா?"

சீட்டு எடுத்த ஒரு லட்சத்து எழுபதாயிரம்.
கேமரா வாடகைக்கே நாற்பது போயிற்று.
மைக் என்னுடையது,
நூறு கல்யாணத்தில் நாதஸ்வரம் கேட்டு நொந்தது.
ரத்தத்துக்குச் சிவப்பு சாயப்பட்டறையில் ஓசி,
அதில் முனிரத்தினம் மாம்பழக் கூழ் கலந்தான்
(நகரி கூழ் ஃபேக்டரியில் அவன் மச்சான் இருக்கிறான்).
திக்காக, நன்றாகத்தான் இருந்தது.
இரண்டாவது டேக்குக்குள் கட்டெறும்பு வந்து
பிணத்தை எழுப்பிவிட்டது.

பிறகு கரண்ட் போகக் காத்திருக்கப் பழகினோம்.
போனால் தறி நிற்கும்.
தறி நின்றால் லைட்டும் நிற்கும்.
எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம்
பாப்பி ரெட்டியின் மோட்டார் கொட்டகையில்
ஆந்திராக் கரண்ட்.
கல்லைத் தாண்டி ஒயர் இழுத்தோம்.
இருட்டு எங்களுடையது.
வெளிச்சத்துக்கு ராத்திரிக்கு ஒரு குவாட்டர்.

வனஜாட்சி பகல் ஷிப்டு முடித்து வருவாள்.
கண்ணுக்குக் கீழே கறுப்பு தீட்டப் போன முனிரத்தினம்
பிரஷ்ஷைத் திரும்ப டப்பாவில் வைத்தான்.
தலையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பொறுக்கிப் பார்த்தோம்,
அப்புறம் விட்டுவிட்டோம்.
லைட்டில் அது
செத்து நாளானது போலிருந்தது.
தமிழில் வசனம் மறந்தால் தெலுங்கில் முடிப்பாள்.
புருஷோத்தமன் கட் சொல்லவில்லை,
கோபம் வந்தால் இந்த ஊரில் எல்லோரும் தெலுங்குதானே.
ராத்திரிக்கு நானூறு, சாப்பாடு உண்டு என்று பேச்சு.
எட்டாம் ராத்திரியிலிருந்து நானூறு "அப்புறம்".
சாப்பாடு, டீயும் வர்க்கியும்.

பதினோராம் ராத்திரி.
கடைசி வேலை என்னுடையது:
யாரும் பேசாமல், அசையாமல்,
நின்ற இடத்தில் நின்றபடி ஒரு நிமிடம்.
வெட்டி ஒட்டும்போது நடுவில் விழும் பள்ளத்தை
இந்த வெறும் சத்தத்தை ஊற்றித்தான் தூர்க்க வேண்டும்.
கரண்ட் வருவதற்குள்.
இம்தியாஸ் ஒற்றைக் காலில், மறு காலில் முள்.
முனிரத்தினம் கையில் சீப்பு.
ரெட்டி கொட்டகையில் ஒரு தவளை
தொடங்கி, யோசித்து, விட்டுவிட்டது.
முப்பத்தெட்டாவது நொடியில்
கிணற்று மேட்டில் நின்றவளிடமிருந்து ஒரு சத்தம்.
நீளமாக, வளைந்து, கீழே இறங்கி,
ஒரு கேள்வி போல முடிந்தது.
யாரும் சிரிக்கவில்லை.
ரத்தக் கையால் அவள்
வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

வீட்டில் அதை மட்டும் தனியே பிரித்தேன்.
வேகத்தைப் பாதியாக்கினேன். இன்னும் பாதி.
கிணற்றளவு எதிரொலி.
அதுவரை எங்கள் பேய்க்குக் குரல் இல்லை.

நெசவாளர் சங்கக் கட்டடத்தில் வேட்டி கட்டிப் போட்டோம்.
அந்த இடம் வந்ததும் ஒரு பையன் அலறினான்.
பின்வரிசையில் மூன்று பேர் எழுந்து போனார்கள்,
நல்ல அறிகுறி என்றான் புருஷோத்தமன்.
நாலாவது வரிசையில் வனஜாட்சி, மடியில் மகள்.
கண்ணை இறுக்கிக்கொண்டு மகள் கேட்டாள்:
"அது என்னாம்மா சத்தம்?"
அவள் பதில் சொல்லவில்லை.
திரும்பி, அத்தனை தலைகளுக்கு நடுவில்
என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தாள்.

இடைவேளையில்
மூன்று சமோசா வாங்கப் போனேன்.
எனக்கு முன்னால் நின்று அவள்
காசு கொடுத்துக்கொண்டிருந்தாள்,
எனக்கும் சேர்த்து.