பதினெட்டாவது நிமிடம்

எங்கள் சேனலுக்கு ஒரே ஒரு செய்திக் கேசட்.
இன்னொன்று வாங்க முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை:
"நேத்துச் செய்தியை யாரும்மா கேப்பா?"

செக்காலை ரோட்டில் டயர்க் கடைக்கு மேல்மாடி.
சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து தூக்கிவந்த மேசை,
முதுகுக்குப் பின்னால் நீலப் போர்வை.
தொண்ணூற்றேழு தைப்பூசத்தில்,
ரப்பர் கருகும் நாற்றத்தில்,
மணிக்கூண்டு விஷன் முதல் வணக்கம் சொன்னது.
முதல் நாள் முதல் செய்தி:
புதுவயல் அரிசி ஆலையில் பாம்பு.
இரண்டாவது: இன்னும் பிடிபடவில்லை.

பகலில் எனக்கு டைப்ரைட்டிங் வகுப்பு.
ஏழு மணிக்குப் பதிவு, எட்டுக்கு ஒளிபரப்பு.
நகராட்சிக் கூட்டம், சந்தையில் கத்தரிக்காய் விலை,
பினாங்கிலிருந்து வந்திறங்கி
வீட்டுச் சாவியைத் தொலைத்தவர் பேட்டி.
கடைசியில் இரங்கல், முப்பது ரூபாய்.
போட்டோ வைத்தால் ஐம்பது.

மறுநாள் அதே கேசட்டை முதலிலிருந்து சுற்றி
அதன் மேலேயே பதிவோம்.
இன்றைய செய்தி குட்டையாக இருந்தால்
வணக்கத்துக்குப் பிறகு
பழைய நாள் ஒன்றின் வால் எட்டிப் பார்க்கும்:
பாதிக் கோலாட்டம்,
யாரோ வெட்டப் போகும் ரிப்பன்.
ஜபருல்லா ஓடிவந்து டெக்கை அமுக்குவான்.

அது ஐப்பசி.
மழையும் கரண்ட் கட்டுமாகப் பத்து நாள் செய்திப் பஞ்சம்.
அன்று ஜபருல்லா டீக்குப் போயிருந்தான்.
பதினாறாவது நிமிடம் வானிலை முடிந்து,
கோடுகள் ஓடி,
சூசைமாணிக்கம் வந்தார்.
செஞ்சையில் ஒரு குழாயடி. கையில் பாட்டில்.
"சம்பை ஊத்துத் தண்ணின்னு ஊரெல்லாம் பெருமை.
எங்க தெருவுக்கு வர்றது இது.
மூணு மாசமா எழுதிக் குடுத்தாச்சு.
வந்து பாக்கச் சொல்லுங்க."
பாட்டிலைக் கேமராவுக்குள் நீட்டுகிறார்.
திரை முழுக்கச் சேறு.

ஒன்பது நாள் முன்னால்
அவருக்கு இரங்கல் வாசித்தவள் நான்.
ஐம்பது ரூபாய் இரங்கல்.

போன் அடித்தது.
பெண் குரல். பேர் சொல்லவில்லை.
"நாளைக்கும் வருவாரா?"

மறுநாள் கத்தரிக்காய் விலையை எடுத்தேன்.
அதற்கு மறுநாள் ஒரு திறப்பு விழாவை.
முன்னிலை வகித்தவர்கள் பட்டியலை
மூச்சுவிடாமல் படித்தேன், ஒருவர் பேர் விட்டுப்போய்
வீட்டுக்கே வந்து சண்டை.
ஊரில் எது நடந்தாலும் பதினாறு நிமிடம்.
ஜபருல்லா ஏன் என்று கேட்கவில்லை.
எட்டே காலானால் அவனாகவே டீக்கு இறங்கினான்.
பதினோரு இரவு
அந்தப் பாட்டில் நீண்டது.

பன்னிரண்டாம் நாள் வாசலில் நகராட்சி ஜீப்.
பொறியாளர் வியர்த்துக்கொண்டு மாடி ஏறினார்.
"தினம் அதே ஆளைப் போட்டு மானத்தை வாங்குறீங்களே!
என்ன பிடிவாதம் சார் அந்த மனுஷனுக்கு.
தோண்டியாச்சு. சாக்கடைக்குள்ள கிடந்த பைப்பை
மாத்தியாச்சு. அதையும் போடுங்க."
எங்கள் மூவரில் யாரும்
ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு முதலாளி தலைப்பு வைத்தார்:
'மணிக்கூண்டு விஷன் செய்தி எதிரொலி.'
பள்ளம், புதுக் குழாய், பொறியாளர் பேட்டி,
வெள்ளையாய் விழும் தண்ணீர்.
எல்லாம் சேர்த்து இரண்டே கால் நிமிடம்.
"கொஞ்சம் சுருக்கலாமா?" என்றேன்.
"இதையா?" என்றார்.

வாசித்தேன்.
கடிகாரம் கேமராவுக்கு மேலேதான் மாட்டியிருந்தது.
பதினாறு தாண்டியது, பதினேழு,
அவர் குழாயடியில் நின்ற இடத்தில்
நான் நின்றுகொண்டு
அவர் மனு தீர்ந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எட்டு மணி ஒளிபரப்பில், என் வணக்கத்துக்குப் பிறகு,
எந்த வருஷமோ எதற்கோ
யாரோ கைதட்டினார்கள்.
ஜபருல்லா அமுக்கினான்.

போன்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
"தண்ணி நல்லா வருதும்மா" என்றது அந்தக் குரல்.
வைத்துவிட்டது.

மறுநாள் கத்தரிக்காய்
கிலோ ஏழு ரூபாய்.