எர்ணாவூர் தாண்டி ஏழாவது கம்பம்

குண்டூரிலிருந்து இதுவரை வர
ஒரு ராத்திரி.
இங்கிருந்து ஜீரோ கேட் போக
இது ரெண்டாவது ராத்திரி.

இடது பக்கம் கடல்,
கருங்கல் மேல் ஏறுகிறது, இறங்குகிறது.
அதற்காவது போக வர வழி இருக்கிறது.
வலது பக்கம் சுனாமி குடியிருப்பு.
மூன்றாவது மாடியில் பச்சை நைட்டி காய்கிற கொடி
என் வீட்டுக் கொடி.
சீட்டில் உட்கார்ந்தபடியே
கிளிப்புகளை எண்ணிவிட்டேன். ஒன்பது.

பின்னால் நாற்பதடிப் பெட்டி நிறைய மிளகாய்.
சீல் வைத்துப் பூட்டியதுதான், ஆனாலும்
ரப்பர் விளிம்பில் எங்கோ கசிகிறது.
பின்வண்டி செங்கோடன்
ஒவ்வொரு தும்மலுக்கும் என்னைத் திட்டுகிறான்,
சங்ககிரிக்காரன், திட்டினாலும் 'ங்க' போட்டு.

ஏகாம்பரம் போன்.
"எங்க கீற?"
"எர்ணாவூர் தாண்டி ஏழாவது கம்பம்."
"காலையிலயும் அதத்தானே சொன்ன?"
"காலையில ஆறாவது."

மாதவரத்தில் அவர் ஆபீசில்
வெள்ளைப் பலகை ஒன்று.
அதில் என் வண்டி நிற்பதே இல்லை:
நேற்றிரவு பத்துக்கு ஹார்பரில் இறக்கியாச்சு,
பன்னிரண்டுக்கு மணலி யார்டில் காலிப் பெட்டி,
இன்று காலை ஆறுக்கு ஒரகடத்தில் லோடு.
பச்சை ஸ்கெட்ச்சில், கட்டம் கட்டி,
கல்யாணப் பத்திரிகை மாதிரிக் கையெழுத்து.
அந்த வண்டிக்கு டயர் தேயாது.
அதன் டிரைவர்
ஒன்றுக்குப் போக ஓரம் தேடமாட்டான்.
என்றைக்காவது பார்த்தால் கேட்க வேண்டும்:
எந்த ரோட்டில் போனாய் தம்பி?

கப்பலுக்குக் கட்-ஆஃப் இரவு எட்டு.
மூன்றரைக்கு வரிசை அசைந்தது.
தூங்கியவன், பல் விளக்கியவன்,
லாரி நிழலில் சீட்டாடியவன்
எல்லோரும் பாய்ந்து ஏறினோம்.
அரைக் கம்பம். அவ்வளவுதான்.
உள்ளே சர்வர் படுத்துவிட்டதாம்.
ஸ்கேனர் என்கிறான் ஒருவன்.
ஷிப்ட் மாறுது என்கிறான் இன்னொருவன்.
சைக்கிளில் டீ விற்கிறவர்தான் கணக்காகச் சொல்கிறார்:
"இன்னும் ரெண்டு டீக்கு ஒண்ணும் நவுராது."

வீடு கூப்பிடு தூரம்.
ஒரு குளியல் போட்டுவிட்டு வந்துவிடலாம்தான்.
போன மாதம் காலடிப்பேட்டை மோசஸ்
அப்படித்தான் இறங்கிப் போனார்.
தலை துவட்டிக்கொண்டு வருவதற்குள்
அவர் முன்னால் பதினோரு வண்டி நுழைந்திருந்தது,
கண்ணாடியில் ஃபைன் சீட்டு.

ஆறு மணிக்கு பிரேமலீலா வந்தாள்,
தடுப்புச்சுவர் மேல் காலைத் தூக்கிப் போட்டு,
கையில் சங்கரா மீன் குழம்பு.
கிளீனர் சீட்டில் உட்கார்ந்து
நான் தின்பதையே பார்த்தாள்.
"புள்ள கேக்குது,
அப்பா ஊர்லேர்ந்து வந்துட்டாரான்னு."
"இன்னா சொன்ன?"
"தெர்ல்லன்னேன்."
டிபனை மூடும்போது சொன்னாள்:
"எட்டு மணிக்கு மாடிலேர்ந்து டார்ச் அடிப்பான்.
நீயும் லைட்டப் போட்டுக் காட்டு.
தூங்க மாட்டேன்றான்."

எட்டு அடிக்க டார்ச்சும் போனும் சேர்ந்தே வந்தன.
"கப்பல் போச்சு. அடுத்தது வியாழக்கிழமை.
வரிசையிலேர்ந்து வெளிய வந்துடு,
பெட்டிய மணலியில போட்டுட்டு ஒரகடம் ஓடு."
"எப்படி வர்றது?
திரும்பணும்னா கேட் வரைக்கும் போவணும்.
கேட் வரைக்கும் போவணும்னா
வரிசையில நிக்கணும்."
அந்தப் பக்கம்
பலகையை அழிக்கிற சத்தம் கேட்டது.

மூன்றாவது மாடியில் மறுபடி டார்ச்.
ஹெட்லைட்டை மூன்று முறை போட்டு அணைத்தேன்.

முன்வண்டிக்காரன் எஞ்சினைக் கிளப்பினான்.
அவன் உறுமலுக்கு அவன் முன்னவன்,
என் பின்னால் செங்கோடன், தும்மிக்கொண்டே.
திருவொற்றியூர் பக்கம் வரைக்கும்
விளக்கு விளக்காக எரிந்துகொண்டு போனது,
ஹாரன், கிளீனர்கள் ஓட்டம், "எட்றா எட்றா".
ஒரு வண்டியும் நகரவில்லை.

மாடியில் டார்ச் கொஞ்ச நேரம் இருட்டாக இருந்தது.
அப்புறம், இத்தனை பேருக்கும் எப்படிப் பதில் சொல்வதென்று
தெரியாதவன் போல
ஒரே ஒரு தடவை எரிந்தது.