நாற்பத்தொன்றாம் எபிசோடு

வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரை.
வெண்ணாற்று ஷட்டரில் ஒரு பிணம் வந்து ஒதுங்குகிறது.
ஆகாயத்தாமரையை லத்தியால் விலக்குகிறார்கள்.
மில் முதலாளியின் கைக்கடிகாரம்
இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

யார் கொன்றது என்பது
இரண்டாவது விளம்பரத்துக்கு முன்பே எனக்குத் தெரியும்.
லாரி டிரைவர் சிங்காரவேலு.
இந்த சீரியலில் டீ குடித்துவிட்டுச்
சில்லறை எண்ணிக் கொடுப்பவன் அவன் ஒருவன்தான்.
மற்றவர்கள் அப்படியே எழுந்து போய்விடுகிறார்கள்.

நான் அதற்காகப் பார்க்கவில்லை.
எழுத்து: கலியமூர்த்தி என்று கடைசியில் ஓடுமே,
அதற்காகவும் இல்லை.
அது வருவதற்குள் அடுத்த நிகழ்ச்சி வந்து
பெயரை மூலைக்குத் தள்ளிவிடும்.

இன்ஸ்பெக்டருக்கு ஒரு முன்கதை தேவைப்படுகிறது.
அவருக்கும் டிரைவருக்கும் ஒரே அப்பா, இரண்டு அம்மா.
போதாதென்று
விட்டுப்போன ஒரு மனைவி.
அவள் பெயர் மங்கை.
மங்கையர்க்கரசி என்று முழுசாக வைக்கப்
பயந்திருக்கிறார்.

மஞ்சள் வெளிச்சத்தில் அவள் வெளியேறுகிறாள்.
ஒரு சூட்கேஸ். கரையாத கண்மை.
நான் அன்று தூக்கிக்கொண்டு போனது
கிரைண்டர் கல்லை.
குழவியை அவரிடமே விட்டுவிட்டேன்,
இது இல்லாமல் அதுவும் அது இல்லாமல் இதுவும்
எத்தனை நாள் ஓடும், பார்க்கலாம் என்று.
பதினொரு வருஷம் ஓடிவிட்டது.
இதையெல்லாம் காட்டினால் யாரும் நம்பமாட்டார்கள் என்று
சேனலில் சொல்லியிருப்பார்கள்.

ஹெட் கான்ஸ்டபிள் திலோத்தமைக்கும் இன்ஸ்பெக்டருக்கும்
ஒன்றுமே இல்லை என்று
மூன்று காட்சிகளில் மூன்று பேர் சொல்கிறார்கள்.
ஒன்றுமில்லாததற்கு ஒருவர் போதாதா?
நீடாமங்கலம் கிளை நூலகத்தில்
காக்கி போடாமல் உட்கார்ந்திருந்தவள் அவள்.
போகட்டும்.
சிரிப்பை மட்டும் அப்படியே எடுத்திருக்கிறார்.
நல்ல சிரிப்பு அது. அன்றைக்கே சொன்னேன்.

நான் நெல்லுக்கு ஈரம் பார்க்கிறவள்.
கொரடாச்சேரி கொள்முதல் நிலையத்தில்
பதினேழைத் தாண்டினால்
மூட்டையைப் பிரித்துக் களத்தில் கொட்டச் சொல்வேன்.
கையில் அள்ளும்போதே தெரிந்துவிடும்,
மீட்டர் வெறும் சாட்சிக்கு.
பாலத்தில் நின்று இன்ஸ்பெக்டர் அழுகிறார்.
திரையைத் தொட்டுப் பார்க்காமலே சொல்கிறேன்:
இருபத்திரண்டு.
இன்னும் ரெண்டு வெயில் காய வேண்டும்.

பிறகு விசாரணை அறை.
விலங்கு மாட்டிய கையை மேஜைமேல் வைத்து
சிங்காரவேலு சொல்கிறான்:
"அப்பா உனக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்தாருண்ணே.
எனக்கு அதோட பழைய பெல்லைக் கொடுத்தாரு."

ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டேன்.
அந்த பெல் எங்கள் அலமாரியில் இருந்தது,
ரேஷன் கார்டுக்குப் பின்னால், துருப்பிடித்து.
எதற்கு என்று நான் கேட்டதில்லை.
ஒருமுறை தூக்கிப்போடப் பார்த்தேன்,
சாப்பிடாமல் எழுந்து போனார்.
நாற்பத்தோரு வாரமாக நான் அவரை
இன்ஸ்பெக்டரிடம் தேடிக்கொண்டிருக்கிறேன்.
அவரோ தன்னைக்
கொலைகாரனுக்குக் கொடுத்திருக்கிறார்.

கடைசிக் காட்சியில் இன்ஸ்பெக்டர்
மங்கை வீட்டுக் கதவைத் தட்டுகிறார்.
ஒரே இழுப்பில் திறக்கிறாள்.
அந்தத் தாழ்ப்பாள் அப்படி வராது.
தூக்கி, கொஞ்சம் இடப்பக்கம் அழுத்தி, பிறகு இழுக்க வேண்டும்.
அவருக்கு எப்படித் தெரியும்,
ராத்திரி எந்நேரமானாலும்
உள்ளிருந்து திறந்தது நான்தானே.

முடிந்தது என்று எழுந்தால்
அடுத்த வாரத்துக்கான துண்டு ஓடுகிறது.
டிரைவர் வாக்குமூலத்தை மாற்றுகிறானாம்.
சிவப்பு எழுத்தில்:
மங்கை மறைத்தது என்ன?

கலியமூர்த்தி, எழுதிக்கொள்ளுங்கள்.
கொலை நடந்த இரவு
மழை வரும் என்று தார்ப்பாய் இழுத்துக்கொண்டிருந்தேன்.
எழுநூற்று அறுபது மூட்டை.
எண்ணினேன்.
ரசீது இருக்கிறது.