மீசை வைத்த முகாசா

நாள் முழுக்க
அடுத்தவர் வாய்க்குப் பல் செய்கிறவள் நான்.
மஞ்சளிலேயே பதினாறு மஞ்சள் உண்டு.
முகாசாவின் முகத்தில் இருக்கும் மஞ்சள்
அதில் எதுவுமில்லை.

ஷோவா இருபத்து நான்காம் வருடத்து அட்டை.
போர் முடிந்து நாலே வருடம்,
அச்சு இயந்திரத்துக்கும் கால் ஊனம் போல.
தொப்பியின் நீலம் தொப்பியை விட்டு
ஒரு நூல் தள்ளி நிற்கிறது.
உதட்டுச் சிவப்பு கன்னத்தில்.
பின்பக்கம் ஒரு கத்தரிக்கோல், ஏழு இலக்கத்தில் ஓர் எண்.
இரண்டும் சிறுவர் சண்டைக்கு.
முன்பக்கத்து ஆட்டக்காரர் எதற்கென்றால்
தரையில் ஓங்கி அறைவதற்கு.
கிளம்பும் காற்றில் எதிராளியின் அட்டை புரண்டால்
அது உன்னுடையது.
மென்கோ என்பது அவ்வளவுதான்.

கனஜாவாவில், ரயில் பாலத்தடிச் சந்தையில்
பாதி விலைக்கு வாங்கினேன்.
யாரோ ஒரு பொடியன்
கேட்சர் முகாசாவுக்குப் பென்சிலால் மீசை வரைந்திருந்தான்.
ரப்பரை எடுத்தேன், வைத்தேன்.
மீசை நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து
தொயாமாவில், வேறொருவர் பெட்டியில்,
வேறு அணி, வேறு ஆட்டக்காரர்,
அதே மீசை.
இடப்பக்கம் கொஞ்சம் தூக்கல்.
பின்னால் பார்த்தால்
"இசாமு, மூன்றாம் வகுப்பு. ஜெயித்தது."

அன்றிலிருந்து
கறை படாத அட்டைகளை விற்றுக்கொண்டு வருகிறேன்.
பதினொரு மீசை சேர்ந்துவிட்டது.
ஒன்றில் மெழுகு வாசனை இன்னும் போகவில்லை,
கனம் கூட்டத் தேய்த்திருக்கிறான் திருடன்.
ஒன்றில் பல் பதிந்த தடம்.
கீழ் வரிசை, பால் பல்.
தொழில் புத்தி, அளந்து பார்த்தேன்.

பன்னிரண்டாவது
ஹனேகாவாவிடம் இருந்தது.
மீசைக்கு மேல் ஒரு மூக்குக் கண்ணாடி.
பின்னால் இசாமுவின் பெயர் அடிக்கப்பட்டு,
அழுத்தி, காகிதம் கிழியும்படி:
"கினுயோ. ஜெயித்தது. அழுதான்."

விலை கேட்டேன்.
விற்பதற்கில்லை என்றார்.
இரட்டிப்பு விலை சொன்னேன்.
தேநீர் ஊற்றினார்.
அவரும் கினுயோவைத் தேடிக்கொண்டிருக்கிறாராம்,
ஆறு கண்ணாடி கிடைத்திருக்கிறதாம்.

எப்படித் தொடங்கியது என்று நினைவில்லை.
பிளாஸ்டிக் உறையிலிருந்து முகாசாவை உருவினேன்.
அவர் நாற்காலியை ஒதுக்கினார்.
மழை ஒழுகிய சிமெண்ட் தரையில்
தன் அட்டையை வைத்தார், ஒரு வார்த்தை பேசாமல்.

தோள் வரை தூக்கி அறைந்தேன்.
கினுயோவின் அட்டை எழுந்தது,
விளிம்பில் நின்று
யோசித்தது,
வந்த வழியே படுத்துக்கொண்டது.

அவர் முறை.
மணிக்கட்டை மட்டும்தான் சுண்டினார்.
முகாசா குப்புற விழுந்தார்.
கத்தரிக்கோல் வானத்தைப் பார்த்தது.

பக்கத்துக் கடைக்காரி தலையில் கை வைத்தாள்.
அதன் விலை அவளுக்குத் தெரியும்.
"வேண்டாம், திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் ஹனேகாவா.
எனக்குக் கோபம் வந்துவிட்டது.
தோற்றதற்கு வராத கோபம்.
"எழுதுங்கள்" என்றேன்.
"என்ன?"
"பெயரை. ஜெயித்தது என்று."
இருபது வருடமாக வெள்ளைக் கையுறை போட்டு
அட்டை தொட்ட மனிதர்,
பென்சிலை மூன்று முறை சீவினார்.
எழுதி முடித்து ஊதினார், மை என்பது போல.

"அழுதாள் என்று சேர்க்கட்டுமா?"
"அழவில்லையே."
"இல்லை" என்று ஒப்புக்கொண்டார்.

திங்கட்கிழமை.
ஆல்பத்தில் ஒரு பை காலி.
மணிக்கட்டு வீங்கியிருக்கிறது,
குளியலறையில் வழுக்கியதாக முதலாளியிடம் சொன்னேன்.
மதிய இடைவேளையில், யாரும் இல்லாதபோது,
பல் செட்டுக்கு வைத்திருக்கும் இளஞ்சிவப்பு மெழுகை
சுடரில் காட்டி இளக்கி
ஒரு மீசையின் நான்கு ஓரத்திலும்
மெல்லத் தேய்க்கிறேன்.

ஞாயிறு வெயில் அடிக்குமாம்.
தரை காய்ந்திருக்கும்.