அழிக்க மறந்த படம்

மைனஸ் முப்பத்தொன்று.
சாஸ்கடூனில் ஜன்னலின் உட்புறமும் உறைபனி பூத்துவிட்ட பிப்ரவரி.
அடித்தளத்தில் ஃபர்னஸ் இரண்டு முறை இருமி
மூன்றாம் முறை பேசாமல் இருந்துவிட்டது.

புவனேந்திரன் வந்தார், ஒரு பையும் டார்ச்சுமாக.
அரைமணி குனிந்திருந்து, விரல் நீளக் கம்பி ஒன்றை
மணல்தாளில் தேய்த்து மாட்டி,
"இனி ரெண்டாந்தரம் தானாப் பத்துதோ எண்டு பாக்கவேணும்,
ஒரு இருபது நிமிசம்," என்றார்.

இருபது நிமிடத்துக்கு ஒரு விருந்தாளி.
விடுவேனா?
ஜூலையில் போய்வந்த பிரான்ஸ்
ஏழு மாதமாக ஆள் கிடைக்காமல் டிவிக்குள் கிடக்கிறது.
மகள் பார்த்தாள், அதாவது, கடந்து போனாள்.
அலுவலகத்தில் ஒருத்தி பதினோராவது படத்தில்
காப்பி எடுக்க எழுந்தவள்தான்.

கோட்டைக் கழற்றாமல் சோபா நுனியில் உட்கார்ந்தார்.

இது கடல் பின்வாங்கிய நேரத்து மலைமடம்.
இது லுவார் நதி. ராணிக்கு ஒன்று, ஆசைநாயகிக்கு ஒன்று,
அரண்மனைகள் எனக்கே குழம்பிவிட்டன.
இது லாவண்டர். இதுவும்.
இது லாவண்டருக்கு நடுவே என் கணவர் மூக்கைச் சிந்துவது.
"ஓம்," என்றார். "வடிவு," என்றார்.
காது மட்டும் கீழ்த்தளத்தில் இருந்தது.

பிறகு பாரிஸ்.
ஈஃபிலின் உச்சியிலிருந்து இரவில் சுற்றும் ஒளிக்கற்றை
சரியாக என் பக்கம் திரும்பும் நொடிக்காக
நாற்பது நிமிடம் பாலத்தில் நின்றேன்.
நான் எடுத்ததில் இதுதான் படம்.
பாராட்டுக்காகக் கொஞ்சம் நிறுத்தி வைத்தேன்.
அவர் குனிந்து மடியிலிருந்த கையுறையைச் சரிசெய்தார்.

அடுத்தது, அழிக்க மறந்த ஒன்று.
ஐந்தாம் நாள் சீஸ் தெவிட்டித் தோசை தேடி
லா சப்பல் மெட்ரோ படியிறங்கும்போது
கைதவறி விழுந்த படம்:
சாய்ந்த தெரு, பாதிக் கட்டைவிரல், பச்சைக் குப்பைத்தொட்டி,
இழுத்துமூடிய ஒரு கடை, மேலே நாலு ஜன்னல்.
தள்ளப்போனேன்.

"நிப்பாட்டுங்கோ."

எழுந்து திரைக்கு அருகே போனார்.
கரிபடிந்த விரல் தொடாமல் ஒரு சாண் தள்ளி நின்றது.
"மூண்டாவது. அதுக்குள்ள எட்டுப் பேர்.
நாலு பேர் படுக்க நாலு பேர் வேலைக்கு.
பாய் ஆறாது."
கொஞ்சம் கழித்து,
"பதினொரு மாசம்."

என்ன கேட்பதென்று தெரியாதபோது
வாயில் வரும் கேள்வியைக் கேட்டேன்:
ஈஃபில் பார்த்தீர்களா?

"கிட்டப் போகேல்லை. பேப்பர் இல்லாதவன் எங்கை போறது.
கோப்பை கழுவி முடிஞ்சு நடந்து வரேக்க
அந்த லைட் மட்டும் வானத்திலை சுத்திச் சுத்தி வரும்.
முதல் கிழமை முழுக்கச் சுவரோட ஒட்டி ஒட்டி நிண்டனான்.
எங்கட ஊர்க் காம்பிலையும் ஒண்டு அப்பிடித்தான் சுத்தும்."
சிரித்தார்.
நானும் சிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள்

கீழே ஃபர்னஸ் மூச்சை இழுத்தது.
இருவரும் அசையாமல் கேட்டோம்.
காலடித் துளையிலிருந்து தூசு வாசத்தோடு முதல் வெதுவெதுப்பு.
"பிடிச்சிட்டுது."

நூற்றெண்பது டாலர். ரசீதைக் கிழித்துத் தந்தவர்
வாசலில் பூட்ஸுக்குள் காலை நுழைத்தபடி,
"அந்தப் படத்தை அனுப்பிவிடுவியளோ?
லைட் வேண்டாம். மற்றது."

'ஹீட்டர் ரிப்பேர்' என்றிருந்த பெயருக்கு அனுப்பினேன்,
கட்டைவிரலோடு.

வேன் வெகுநேரம் கிளம்பவில்லை.
பனி அப்பிய கண்ணாடிக்குப் பின்னால் சின்னதாக ஒரு நீல வெளிச்சம்.
பிறகு அது அணைந்து, வண்டி வளைந்தபோது
முகப்பு விளக்கு எங்கள் சுவரை
ஒருமுறை தடவிக்கொண்டு போனது.

வீடு பத்தொன்பதைத் தொட்டிருந்தது.
நீஸ் கடற்கரை இன்னும் இருநூறு படம் பாக்கி.